அசுணம்

அசுணம் என்றால் இசைக்கு மயங்கி வரும் விலங்கு. வேடர்கள் யாழ் வாசித்து அதை வரவழைத்து, பிறகு பறையை ஓங்கி அடித்துக் கொன்றார்களாம். வெறும் கற்பனை என்று தன் அகராதியில் எழுதியிருந்தார் கள்ளக்குறிச்சித் தமிழாசிரியர் ஆதிமூலம்.

சொல் சேகரிக்கக் கல்வராயன் மலைக்குப் போனவர், வெள்ளச்சி என்ற மலைவாழ் பெண்ணின் சாமைக் கொல்லை ஓரம் உட்கார்ந்து செல்போனில் யாழிசை போட்டார். சாமைத் தாள்கள் விலகிக்கொண்டே வந்தன. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. முழங்காலில் வெதுவெதுப்பாக மூச்சு பட்டது. ஏதோ ஒன்று அவர் மடியில் தலை சாய்த்தது.

மெய்தானா என்று பார்க்கும் ஆசையில், பறையோசையை முழுச் சத்தத்தில் வைத்தார். மடியில் இருந்த பாரம் ஒருமுறை துள்ளி அடங்கியது.

களை பறித்துக்கொண்டிருந்த வெள்ளச்சி ஓடிவந்து வெறுந்தரையைத் தடவினாள்.

"கூப்ட்டு வச்சிக்கினு இப்படிப் பண்ணிட்டீங்களே சார்! அந்தச் சத்தம் அதுக்கு ஆவாதுன்னு தெரியாதாங்க?"

"தெரியாதும்மா" என்றார். சொல்லும்போதே முகம் எரிந்தது.

அவள் நம்பிவிட்டாள். "கீழ இருந்து வந்தவரு, உங்களுக்கு இன்னா தெரியும் பாவம்" என்று அவரையே தேற்றினாள்.

போர்வை விரித்து இருவரும் தூக்கினார்கள். போர்வையில் எதுவும் தெரியவில்லை, ஆனால் ஒரு கன்றுக்குட்டியின் கனம் கனத்தது. புதைக்கத் தோண்டிய குழி வரைக்கும் அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. துணி இன்னும் சூடாக இருந்தது.