மேனேஜருக்கு மூச்சுத் திணறுது

"மேனேஜருக்கு மூச்சுத் திணறுதுடா. பாதி உசிர்தான் இருக்கு. நீ எப்ப வருவே?"

அப்பா ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டார். எதிர்முனையில் மகன் பதறாமல் கேட்டான். "கரண்ட் போய் எவ்வளவு நேரமாச்சு?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்கும்."

"சரி, கவர் எடுத்துட்டு வரேன். எல்லா மீனையும் கொண்டு போயிடறேன்." வைத்துவிட்டான்.

அந்தக் கடைசி வார்த்தையை அப்பா எதிர்பார்க்கவில்லை. செத்தாலும் போச்சு, கொண்டுபோனாலும் போச்சு. அப்புறம் அவன் இந்த வீட்டுக்கு வர என்ன இருக்கிறது?

ஹாலில் நாலடிக் கண்ணாடித் தொட்டி. ஏர் மோட்டார் ஓய்ந்து, குமிழி நின்று, தங்க மீன்கள் எல்லாம் மேலே வந்து வாய் பிளந்துகொண்டிருந்தன. இருப்பதிலேயே பெரிசு, கன்னம் உப்பிய மேனேஜர். ரிட்டையர்ட் மேனேஜரான அப்பாவைப் பார்த்து வைத்த பெயர்தான் அது என்பது அவருக்குத் தெரியாது என்றே மகன் நினைத்துக்கொண்டிருந்தான்.

நல்ல வேலையை விட்டுவிட்டு வளர்ப்பு மீன் கடை வைக்கப் போகிறேன் என்று அவன் வந்து நின்ற அன்று, அப்பா வாயை விட்டார். "இந்த வீட்ல ஒண்ணு மீன் இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

அவன் இரண்டு பேரையும் விட்டுவிட்டுத் தானே கிளம்பிப் போனான். வாடகை அறையில் தொட்டி வைக்க ஓனர் விடவில்லை. அம்மாவும் இல்லாத வீட்டில் அப்பாவும் மேனேஜரும் முகத்தோடு முகம் பார்த்துக்கொண்டு மாதங்கள் ஓடின. மகனைக் கூப்பிட ஃபோனை எடுப்பார், வைத்துவிடுவார்.

வெளியே லிஃப்ட் கதவு திறந்து மூடும் சத்தம். அப்பா ஓடிப்போய் வாசல் கதவைத் திறந்தார்.

மகன் உள்ளே வந்தான். நின்றுபோன ஃபேனைப் பார்த்தான். அப்பாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு அவர் கையிலிருந்த நீளக் கரண்டியைப் பார்த்தான்.

"மீனைக் காப்பாத்தறீங்களா, சமைக்கிறீங்களா?"

"கலக்கிவிட்டா காத்து சேரும்னு..."

"அதைக் கீழ வைங்க. ரெண்டு மக் கொண்டாங்க."

தொட்டித் தண்ணீரையே மொண்டு, கை எட்டும் உயரத்திலிருந்து ஊற்றினான். "இப்படி மேல இருந்து ஊத்துங்க. நுரைக்கணும்." பக்கத்தில் நின்று அப்பாவும் ஊற்றினார். இரண்டு பேர் சட்டையும் நனைந்தது.

"ஒரு ஜெனரேட்டர் இருந்தா இந்தப் பாடு உண்டா?" வேறு எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஜெனரேட்டர் வாங்கவென்று வருஷாவருஷம் கூட்டம் போட்டு, பிஸ்கட் தின்று கலையும் அபார்ட்மென்ட் அது.

"நீங்கதானே செக்ரட்டரி?"

அப்பா இன்னொரு மக் மொண்டு ஊற்றினார்.

"இளைச்சுட்டே."

"நீங்களும்தான்."

"கடைக்கு... இடம் கிடைச்சுதா?"

"பார்த்துட்டு இருக்கேன்."

"முனைக் கடையா பாரு. ரெண்டு பக்கமும் தொட்டி தெரியும்."

மகனின் மக் அந்தரத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி ஊற்றினான்.

அப்போதுதான் மேனேஜர் ஒருபக்கமாகச் சாய்ந்தது. அப்பாவின் கையிலிருந்து மக் நழுவித் தண்ணீருக்குள் விழுந்தது.

"டேய், போகுதுடா."

"அது அப்பப்ப சாயும்பா. பயப்படாதீங்க. மேனேஜர் நல்லா நடிப்பாரு."

மேலே திரும்பிய அந்த ஒற்றைக் கண் அப்பாவையே பார்த்தது. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. "தெருவுல கரண்ட் வந்துடுச்சான்னு பார்க்கறேன்" என்று முனகிக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

கதவுக்குப் பின்னால் இருந்த பெட்டியை ஓசைப்படாமல் திறந்தார். மத்தியானம் தன் கையாலேயே இறக்கிவைத்த மெயின் சுவிட்சை மேலே தள்ளினார்.

ஃபேன் முனகியது. ஃபிரிட்ஜ் உறுமியது. அவர் திரும்பி வந்தபோது தொட்டியில் குமிழிகள் கொப்பளித்துக்கொண்டிருந்தன. மேனேஜர் நிமிர்ந்து, ஒன்றுமே நடக்காதது போல வாலை ஆட்டிக்கொண்டு கூழாங்கல் பக்கம் போனது.

"வந்துடுச்சுப்பா" என்றான் மகன். "இந்த ஏரியாவுல எப்பப் போகும், எப்ப வரும்னே தெரியாது."

மகன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, கொண்டுவந்த கவர்களை ஒவ்வொன்றாக மடித்து அலமாரியில் வைத்தான்.

"அடுத்த தடவை மீனை விட்டுடுங்க. 'வாடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, வந்துடறேன்."

அப்பா தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னடா சொல்றே?"

"நான் லிஃப்ட்லதானப்பா வந்தேன்."