பச்சை லைற்

"எங்கட ஆளே எங்கட சோத்தில கைவைக்கிறான், பாத்தீங்களே அக்கா?" என்றான் பஸ்ரியன்.

சந்திரவதனா கையிலிருந்த பிரேக் துண்டைத் திருப்பிப் பார்த்தாள். கனடாவின் ஸ்காபுரோவில் காருக்குப் பிரேக் துண்டுகள் செய்யும் தொழிற்சாலை அது. துண்டில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவதுதான் இருவருக்கும் வேலை.

அதே வேலைக்குத்தான் அங்கே வேலைசெய்த தமிழ் எஞ்சினியர் தியாகலிங்கம் ஒரு மெசின் செய்திருந்தான். கமராவால் பார்த்து, தானே பழகிக்கொள்ளும் கொம்பியூட்டர். 1996இல் அப்படி ஒன்றை அங்கே ஒருவரும் கண்டதில்லை.

அதை இங்கேயும் பூட்டி, வேறு கொம்பனிகளுக்கும் விற்பது முதலாளியின் திட்டம். அன்று அதை வாங்க வேறு கொம்பனி ஆட்கள் வந்திருந்தார்கள்.

பெல்ற்றில் துண்டுகள் ஓடின. நல்லதற்குப் பச்சை லைற். வெடித்ததற்குச் சிவப்பு. தலைமயிரிலும் மெல்லிய வெடிப்போடு ஒரு துண்டு வந்தது. சந்திரவதனா கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதற்குள் சிவப்பு எரிந்துவிட்டது.

"கடவுளே!"

கோபத்தையும் மறந்து வாயைப் பிளந்தபடி நின்றாள்.

வந்தவர்கள் கைதட்டினார்கள். அவர்களில் ஒருவர் கையெழுத்துப் போடப் பேனையைத் திறந்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ" என்று ஆங்கிலத்தில் சொன்னான் தியாகலிங்கம். நடுவில் வெடித்த ஒரு துண்டை எடுத்தான். எல்லோருக்கும் தெரிகிற வெடிப்பு. அதை எண்ணெயில் தோய்த்து பெல்ற்றில் வைத்தான்.

பச்சை எரிந்தது.

பேனை மூடப்பட்டது. வந்தவர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு புறப்பட்டார்கள்.

"இதைக் காட்டச் சொல்லி உன்னை யார் கேட்டது?" முதலாளி சீறினார்.

"ஒருத்தரும் கேட்கவில்லை. அதனால்தான் காட்டினேன்."

சாப்பாட்டு நேரத்தில் பஸ்ரியன் விழுந்து விழுந்து சிரித்தான். "மெசின் கவிண்டுது அக்கா!"

சந்திரவதனா எழுந்து, இத்தனை நாளும் முகம்கொடுத்துப் பேசாத தியாகலிங்கத்திடம் போனாள்.

"தம்பி, எங்கட வேலையைக் காப்பாத்தத்தானே அப்பிடிச் செய்தனீர்? தெரியாமல் உம்மைத் திட்டிப்போட்டம்."

"இல்லை அக்கா. உங்களுக்குப் பொய் சொல்லேலாது. எண்ணெய் பட்டா மெசினுக்கு வெடிப்புத் தெரியாது. உந்தப் பிழையை நேற்றுத்தான் கண்டனான். மறைச்சு வித்தா, பிரேக்கை மிதிக்கிற சனத்தின்ர கதி என்ன?"

"அப்ப எங்கட வேலை?"

"பிழையைத் திருத்தினதும் மெசின் திரும்ப வரும். வேலை போகலாம். உங்களை வேற பகுதியில போடச்சொல்லி முதலாளியோட கதைக்கிறன். இண்டைக்குப் பிறகு என்ர சொல்லைக் கேப்பாரோ தெரியாது. அதையும் இப்பவே சொல்லிப்போடுறன்."

சந்திரவதனா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, லைற் அணைந்து கிடந்த மெசினைப் பார்த்தாள்.

செய்தவனே பிழையைக் காட்டிய அந்த மெசினை அவள் முதன்முதலாக நம்பியது அப்போதுதான்.