ரெண்டாவது குழாய்

"மாமி, உண்மையைச் சொல்லுங்கோ. இந்தக் குழாய் நாறுதோ, இல்லையோ?"

பக்கத்து வீட்டு மார்த்தா மாமி குழாய்க்குள் மூக்கை விட்டு நன்றாக இழுத்தாள். "ஒரு நாத்தமும் இல்லை, பிள்ளை."

கிருஷிகாவுக்கு அழுகை வந்தது. குழாயின் மறுமுனையில் ஒரு பெட்டி நிறையக் கருவாடு காய்ந்துகொண்டிருக்கிறது. அந்த நாற்றத்தைச் சிரட்டைக்கரியால் போக்குவதுதான் கெமிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருஷத்தில் அவள் எடுத்த ஆராய்ச்சி. நேரே வரும் முதல் குழாய் நாற வேண்டும். கரிக்குள்ளால் வரும் ரெண்டாவது நாறக்கூடாது. அவளுடைய மீனவ ஊரான தாழ்வுபாட்டுச் சனமோ முதல் குழாயே நாறவில்லை என்று சாதித்தது.

"கருவாட்டில ஊறின மூக்குகள்" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மாமியின் புருஷன் லோறன்ஸ் மெல்லக் கேட்டார். "நாறுது எண்டு சொன்னா உன்னைப் பெயில் ஆக்கமாட்டாங்களோ?"

"ஐயோ மாமா, முதல் குழாய் நாறினாத்தான் நான் பாஸ்."

"அதை முதலே சொல்லுறதெல்லோ!"

அடுத்த நாள், ஆராய்ச்சிக்குப் புள்ளி போடும் கம்பஸ் விரிவுரையாளர் அமிர்தநாயகம் சேர் பார்க்க வந்தார். கிருஷிகா ரெண்டு மாதமாய்ப் பதப்படுத்திய கரியை ரெண்டாவது குழாயின் தட்டில் நிரப்பிவிட்டுப் போய், அவரை மன்னார் பஸ் ஸ்டாண்டில் இருந்து கூட்டிவந்தாள். மாமி சுட்ட பாரை மீனோடு சோறு போட்டாள். சேர் விரலைச் சூப்பிச் சூப்பிச் சாப்பிட்டார்.

கை கழுவியதும் புத்திமதி தொடங்கியது. "ஆராய்ச்சியில முகம் பாக்கக் கூடாது. மூக்கு சொல்லுறதைத்தான் வாய் சொல்லவேணும்."

முதல் குழாய். மாமி சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு வேலிப்பக்கம் ஓடினாள். கருவாட்டோடு பிறந்து வளர்ந்த லோறன்ஸ், தலை சுற்றுகிறதென்று கதிரையில் சாய்ந்தார்.

ரெண்டாவது குழாய்.

"மல்லிகைப்பூ" என்றாள் மாமி.

"கோயில் சாம்பிராணி" என்றார் லோறன்ஸ்.

சேரும் ரெண்டு குழாயிலும் மூக்கை வைத்தார். லேசாய் இருமினார். மிச்ச மீன் கோப்பையோடு நின்ற மாமியைப் பார்த்தார். "ஓம், நல்ல வித்தியாசம் தெரியுது."

கிருஷிகாவுக்கு அந்த நேரமே பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது.

"கரியை ஒருக்கால் பாப்பம்" என்று சேர் தட்டை இழுத்தார். தட்டு வெறுமை.

"கரி எங்க, பிள்ளை?"

கிருஷிகா குனிந்து தட்டுக்குள் கையை விட்டுத் தடவினாள்.

"அந்தக் கரியோ? சேருக்கு மீன் சுட்டது அதிலதானே" என்றாள் மாமி. "நல்லா நிண்டு எரிஞ்சது."

சேருக்கு முகம் சிவந்தது. "அப்ப ரெண்டு குழாயும் ஒரே நாத்தம்! எல்லாரும் பொய்யோ சொன்னனீங்கள்?"

"நாங்கள் பிள்ளையின்ர முகத்தைப் பாத்துச் சொன்னம்" என்றார் லோறன்ஸ். "சேர் எதைப் பாத்துச் சொன்னனீங்கள்?"

சேர் மீன் கோப்பையைப் பார்த்தார்.

"ரெண்டு மாசம் கூட்டித் தாறன், கிருஷிகா. திரும்பச் செய். அடுத்த முறை நான் சாப்பிடாமல் வாறன்."