கம்பளிக்கு அடியில்

இரண்டு ஆறுகளுக்கு நடுவிலிருந்த அந்த மண்ணை மெக்சிகோவும் தன்னுடையது என்றது, அமெரிக்காவும் தன்னுடையது என்றது. மேற்கே குடியேறி வந்த அமெரிக்கர்களின் பின்னாலேயே இப்போது அமெரிக்கப் படையும் வந்து மெக்சிகோக்காரர் அன்செல்மோவின் முற்றத்தில் நின்றது. கிழவர் நாற்காலியை விட்டு எழவில்லை.

“கோட்டை கட்ட இந்த இடம் வேணுமாம். எழுந்திருங்க ஐயா,” என்றான் அந்தக் குடியேறிகளில் ஒருவனான, படைக்கு வழிகாட்டி வந்த ஹார்லன்.

“நீ வண்டியோட வந்து நின்னப்ப, உன் பிள்ளைக்கு இந்தக் கிணத்துத் தண்ணிதானேடா குடுத்தேன்?”

“அதனாலதான் சுடாம கேக்கறாங்க.”

அன்செல்மோவின் முழங்கால்கள் உதறத் தொடங்கின. எழுந்தால் விழுந்துவிடுவார். அதைப் பார்த்துவிட்ட மகள் இனேஸ் ஓடிவந்து, அந்த உச்சி வெயிலில் அவர் மடிமேல் கம்பளியைப் போர்த்தினாள். கால்கள் மறைந்தன. கம்பளி மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

சிப்பாய்களின் துப்பாக்கிகள் உயர்ந்தன.

“உள்ள துப்பாக்கி வெச்சிருக்கீங்களான்னு கேக்கறாங்க. தூக்கிக் காட்டிடுங்க ஐயா!” ஹார்லனின் குரலே நடுங்கியது.

“காட்டிடுங்கப்பா,” என்று அழுதாள் இனேஸ்.

அந்த வீட்டு ஆண்கள் நடுங்கி எந்த அந்நியனும் பார்த்ததில்லை. அன்செல்மோ கம்பளியின் விளிம்பை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார்.