பட்டை இல்லாத பதக்கம்

"இதை இப்படியே வைக்க முடியாதும்மா" என்றார் காட்சிசாலை குமாஸ்தா.

அவள் மேசைமேல் தான் வைத்த பதக்கத்தைப் பார்த்தாள்.

"ஏன் சார்? எங்கப்பா பட்டாளத்தில வாங்கின அசல் பதக்கம் அது."

"அசலேதான். எட்டு முனை, நடுவில கோட்டை வாசல். இதைக் குடுக்கறதை நிறுத்தி நாப்பது வருஷமாச்சு, இப்ப யார் வீட்டில இருக்கு? ஓரத்தில அவர் நம்பர் என்னன்னீங்க?"

"நாலாயிரத்து எழுபத்தொண்ணு."

"மேல பாருங்க, ரெண்டு ஓட்டை. ஒரு வெள்ளிப் பட்டை இருந்திருக்கு. பத்து வருஷம் கறையில்லாம இருந்தா பதக்கம், இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டினா பட்டை. தப்புத்தண்டா பண்ணினா பிடுங்கிடுவாங்க. 'பட்டை பறிக்கப்பட்டது'ன்னு அட்டையில எழுதியாகணும்."

நாளைக்குத் திறப்பு விழா. அப்பா இன்றைக்கே சட்டைக்கு இஸ்திரி போட்டு மாட்டிவிட்டார். அந்த அட்டையை ஊரே படிக்கும். அப்பாவும் படிப்பார்.

அந்த ஓட்டைகளைப் பற்றி ஒருநாள் கேட்டதற்கு, "அது இருக்க வேண்டிய இடத்தில இருக்கு, போ" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது நினைத்தால், திருடனுக்குத் தேள் கொட்டின கதையாகத் தோன்றியது.

"அழாதீங்கம்மா. பட்டை எப்படி இருக்கும்னு பாருங்க." குமாஸ்தா ஒரு கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். "எங்கப்பாது. பட்டை கைக்கு வர்றதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டார். கூட இருந்த சிப்பாய் ஒருத்தர்தான் எல்லாத்தையும் கொண்டுவந்து எங்கம்மாகிட்ட குடுத்தாராம். பட்டை வாங்கினவர் பிள்ளைக்குத்தான் அரசாங்க வேலைன்னு அப்ப விதி. நான் உக்கார்ற நாற்காலியே இந்தப் பட்டை போட்ட பிச்சை."

"கொடுத்துவெச்சவர் சார் நீங்க."

"பட்டைக்குப் பின்னாலயும் அவரவர் நம்பர் இருக்கும். ஓரத்து நம்பரோட ஒத்துப்போகுதான்னு பார்த்துத்தான் வைக்கணும். எங்கப்பாதுன்னா மட்டும் சும்மா விட முடியுமா? அம்மா இருந்தவரைக்கும் யாரையும் தொட விட்டதில்லை. பொடி எழுத்து, என் கண்ணுக்குப் பிடிபடல. நீங்க பாருங்க."

அவள் பூதக்கண்ணாடியை வாங்கினாள். பட்டையைத் திருப்பினாள்.

4071.

அப்பாவின் நம்பர்.

"என்னம்மா, ஒத்துப்போகுதா?"

"போகுது சார்." பட்டையைப் பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். "எங்கப்பா அட்டையில 'பறிக்கப்பட்டது'ன்னே எழுதிக்குங்க. அவர் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார்."