தெரியாம பண்ணிட்டேன்

முட்டையை அவன் அப்பா அறைந்த சத்தத்தில் கல்லூரி முதல்வர் மேசையிலிருந்த பேனா ஒன்று உருண்டு கீழே விழுந்தது.

அறைந்த கையோடு அவரே அழவும் செய்தார். முட்டை என்பது என் அறைத்தோழனின் பட்டப்பெயர். அவன் அப்பாவை நான் அன்றுதான் பார்க்கிறேன். இப்படியும் ஒரு பாசமா என்று வியந்தேன்.

"தெரியாம பண்ணிட்டேன் சார், மன்னிச்சிடுங்க" என்றான் முட்டை, கன்னத்தைத் தடவிக்கொண்டே.

முதல்வர் மன்னித்தார். அடுத்தது நான்.

நாங்கள் செய்த குற்றம் இது. விடுதிச் சமையல்காரரின் கையில் கொதிக்கிற எண்ணெய் கொட்டிவிட்டது. வார்டன் மதியத் தூக்கத்தில் இருந்தார். ஆணியில் தொங்கிய அவருடைய ஸ்கூட்டர் சாவியை எடுத்து, சமையல்காரரை நடுவில் உட்கார வைத்து, ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். கை பிழைத்துக்கொண்டது. வார்டனின் மானம்தான் பிழைக்கவில்லை.

"நீயும் அதையே சொல்லிட்டுப் போ" என்றார் முதல்வர்.

சொல்லாவிட்டால் ஒரு வாரம் சஸ்பெண்ட். செய்முறைத் தேர்வும் அந்த வாரத்தில்தான். அது போனால் வருடமே போச்சு.

நான் குனிந்து, விழுந்த பேனாவை எடுத்து மேசையில் வைத்தேன். முதல்வர் என் அப்பா பக்கம் திரும்பினார். "நீங்களாவது சொல்லுங்க."

அப்பா லிஃப்ட் மெக்கானிக். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார், சட்டையெல்லாம் கிரீஸ். நாற்காலி கறையாகிவிடும் என்று நின்றுகொண்டே இருந்தார்.

"தெரியாமலாடா பண்ணின?" என்று என்னைக் கேட்டார்.

"தெரிஞ்சுதான்பா."

"வண்டியக் கேக்காம எடுத்ததுக்கு?"

"அன்னிக்கே வார்டன்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டேன். பெட்ரோலும் போட்டாச்சு."

அப்பா முதல்வரைப் பார்த்தார். "தெரிஞ்சுதான் பண்ணினானாம் சார்."

அவ்வளவுதான்.

முதல்வர் கண்ணாடியைக் கழற்றினார். என் பக்கம் குனிந்து, ரகசியம் கேட்கிற குரலில், "உண்மையச் சொல்லு. இந்த ஆளை எங்க பிடிச்ச?" என்றார்.

"சார்?"

"வாடகை அப்பன்களை மோப்பத்துலயே கண்டுபிடிச்சிடுவேன்டா நான். பெத்தவன் இப்படியா மரம் மாதிரி நிப்பான்? அவரைப் பாரு!" முட்டையின் அப்பாவைக் காட்டினார். "அது பெத்த வயிறு!"

பெத்த வயிறு மூக்கைச் சிந்தியது.

அப்பாவுக்குக் காது சிவந்தது. என்னைத்தான் பார்த்தார். சொல்லு என்றும் இல்லை, சொல்லாதே என்றும் இல்லை, அந்தப் பார்வையில். திட்டியிருந்தால்கூடச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெரிஞ்சுதான் சார் செஞ்சேன்" என்றேன். "நாளைக்குச் சமையல்காரரோட இன்னொரு கை வெந்தாலும் செய்வேன். வார்டனை மட்டும் எழுப்பிட்டு எடுப்பேன்."

ஒரு வாரம். வெளியே போ.

வராந்தாவில் அப்பா என் பையை வாங்கிக்கொள்ளவில்லை. நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். "பரீட்சை போச்சுப்பா" என்றேன். "போச்சு" என்றார். "அடுத்த வருஷம் எழுது. ஃபீஸுக்கு லீவுல என்கூட வேலைக்கு வா."

பின்னால் செருப்புச் சத்தம். முட்டையின் அப்பா ஓடி வந்தார். கண்ணில் ஒரு சொட்டு ஈரமில்லை. அவருக்குப் பின்னால் முட்டை, தரையில் எதையோ தொலைத்தவன் போல, குனிந்த தலை நிமிராமல் வந்தான்.

அவர் என் அப்பாவின் தோளில் கை போட்டு, அக்கறையாகக் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, தொழிலுக்குப் புதுசா? உள்ள போனதும் ஒரு அறை, அப்புறம்தான் வசனம். நான் எத்தனை காலேஜுல பண்றேன்! இப்பப் பாருங்க, பையன் பரீட்சை போச்சா?"

அப்பா அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பதினெட்டு வருஷமா பண்றேன் தம்பி" என்றார். "அந்த அறை மட்டும் கைக்கு வரமாட்டேங்குது."