முன் சக்கரம்

எர்ணாவூர் ஷெட்டில் பெனிட்டோ தலையில் அடித்துக்கொண்டான். எஞ்சினின் வேகம் கூட்டும் டர்போவை எப்படித் திருகினாலும், கிளம்பும்போது பந்தயக் காரின் முன் சக்கரங்கள் பிடிப்பில்லாமல் நின்ற இடத்திலேயே சுற்றின.

"போன பந்தயத்துல விலா எலும்பு மூணு முறிஞ்சிது. போதும் மாமா, உன் கால்ல வுயறேன்" என்று கதறினாள் மனைவி ரோஸ்லின்.

"நாளைக்குத் தோத்தா, மாதா சத்தியமா வுட்டுர்றேன்."

மறுநாள் கொடி அசைந்ததும் கார் வழுக்காமல் பாய்ந்தது. முதல் பரிசு!

கோப்பையோடு ஓடிவந்தான் பெனிட்டோ. "எந்தப் புண்ணியவானோ முன் டயர்ல பாதிக் காத்த எறக்கி வுட்டுகீறான்! அதான் ரோட்ட கவ்விக்கிச்சி. இத்தினி நாளா கல்லு மாதிரி காத்தடிச்சி வெச்சிருந்தேன் பாரு! இனிமே ஒரு பந்தயம் வுட மாட்டேன்!"

ரோஸ்லினின் மூடிய கைக்குள், பதற்றத்தில் அவள் திரும்ப மாட்ட மறந்த இரண்டு டயர் வால்வு மூடிகள் குத்தின.